மாதிரிக் காசோலை முதல் திறப்பு விழா வரை: நம் கட்டடங்களின் கணக்கை யார் பார்ப்பது?

மேடையில் பெரிய மாதிரிக் காசோலை. ஒரு முனையைப் பிரமுகர் பிடித்திருக்கிறார், மறுமுனையைக் கட்டடக் குழுத் தலைவர் பிடித்திருக்கிறார். கைத்தட்டல், படம், மறுநாள் செய்தி. நம் நாட்டில் ஒரு தமிழ்ப்பள்ளியின் இணைக்கட்டடமோ, ஆலயத் திருப்பணியோ, சமூக மண்டபமோ பல வேளைகளில் இப்படித்தான் தொடங்குகிறது.

சில கட்டடங்கள் சொன்ன காலத்தில் திறப்பு விழா காண்கின்றன. வேறு சில, தூண்களின் தலையில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்க, ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கின்றன. பிள்ளைகள் கேபின் வகுப்பறையில் படிக்கிறார்கள். சுவாமி பாலாலயத்திலேயே இருக்கிறார். ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்தால் ஒரே கேள்விதான் எழுகிறது: "காசு எங்கே போனது?"

இந்தக் கேள்வி எழுந்த உடனே சந்தேகம் பொறுப்பாளர்கள் மீது விழுகிறது. ஆனால் யாரும் ஒரு காசைக்கூட எடுக்காமலேயே ஒரு கட்டடத்தின் பணம் கரைந்துபோக முடியும். கட்டுமானத் துறையில் இருப்பவர்களுக்கு இது தெரியும். குத்தகையாளருக்குத் தன் கணக்கைப் பார்க்க ஆள் உண்டு. கட்டடக் கலைஞர் வரைபடத்தையும் ஒப்பந்தத்தையும் பார்க்கிறார். பொறியியலாளர் கட்டமைப்பைப் பார்க்கிறார். பணத்தைப் போடும் உரிமையாளருக்காக, அதாவது நம் சமுதாயத்துக்காக, மாதந்தோறும் செலவைக் கண்காணிப்பவர் யார்?

பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே ஒருவரை நியமிக்கின்றன. அவருக்கு 'உரிமையாளர் பிரதிநிதி' என்று பெயர். நம் பள்ளி வாரியங்களிலும் ஆலயச் செயலவைகளிலும் இந்த நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

கடந்த சில ஆண்டுகளில் கட்டுமானச் செலவின் அடித்தளமே மாறிவிட்டது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் உதவித்தொகை முறை மாற்றப்பட்டு, லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டாக இருந்த விலை 3.35 ரிங்கிட்டானது. மண்வாரி இயந்திரம், பாரந்தூக்கி, கான்கிரீட் லாரி என எல்லாமே டீசலில் ஓடுபவை.

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் முதலாளிகள் 2 விழுக்காடு இ.பி.எஃப். சந்தா செலுத்த வேண்டியதாயிற்று. இவற்றுக்கிடையே, 2025 ஜூலை 1 முதல் கட்டுமானச் சேவைகளுக்கு 6 விழுக்காடு சேவை வரி விதிக்கப்பட்டது. குடியிருப்புக் கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. 12 மாதங்களில் 15 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் வேலை செய்யும் குத்தகையாளர்கள் இந்த வரிக்காகப் பதிவு செய்ய வேண்டும்.

ஆகவே, 2022இல் யாரோ போட்டுக்கொடுத்த மதிப்பீட்டை வைத்துக்கொண்டு இன்று அடிக்கல் நாட்டும் குழு, முதல் நாளிலேயே பற்றாக்குறையோடுதான் தொடங்குகிறது. அது குழுவுக்கே தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

30 லட்சம் ரிங்கிட் எப்படிப் பிரியும்?

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பள்ளி, இணைக்கட்டடம் கட்ட மொத்தம் 30 லட்சம் ரிங்கிட் திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். குத்தகை விலை 25 லட்சம். கட்டடக் கலைஞர், பொறியியலாளர்கள், கியூ.எஸ். எனப்படும் அளவு மதிப்பீட்டாளர் ஆகியோரின் கட்டணம் 2 லட்சம். மண் பரிசோதனை, ஊராட்சி மன்றக் கட்டணங்கள், மின்சார, நீர் இணைப்புகளுக்கு 60 ஆயிரம். மேசை, நாற்காலி, மின்விசிறிக்கு 70 ஆயிரம். மீதம் 1 லட்சத்து 70 ஆயிரம்.

இந்த மீதத்தைப் பலர் 'மிச்சம்' என்று நினைக்கிறார்கள். அதன் உண்மையான பெயர் அவசர நிதி. மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு வேலையில், எதிர்பாராததை எதிர்கொள்ள நம்மிடம் இருக்கும் ஒரே கவசம் அதுதான்.

இப்போது ஒரு கேள்வி: அந்த 25 லட்சத்தில் சேவை வரி அடங்கியிருக்கிறதா? குத்தகையாளரின் கடிதத்தில் 'வரி தனி' என்று ஒரு சிறு வரி இருந்து, அதை யாரும் கவனிக்கவில்லை என்றால், 25 லட்சத்துக்கு 6 விழுக்காடு 1 லட்சத்து 50 ஆயிரம். அவசர நிதியில் எஞ்சுவது வெறும் 20 ஆயிரம் ரிங்கிட். ஒரு செங்கல்கூட வைக்காமல் கவசம் கழன்றுவிட்டது.

தங்கள் கட்டடத்துக்கு வரி விலக்கு உண்டா, பழைய ஒப்பந்தமாக இருந்தால் சலுகைக் காலம் பொருந்துமா என்பதை அரச மலேசிய சுங்கத் துறையிடம் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவு பெறுவது உரிமையாளர் பிரதிநிதியின் முதல் வேலைகளில் ஒன்று. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதைச் செய்ய வேண்டும். 'நண்பர் சொன்னார்' என்பது இங்கே உதவாது.

வங்கிப் புத்தகம் சொல்லாத கணக்கு

நம் சங்கங்களில் பொருளாளர் வாசிக்கும் அறிக்கை பெரும்பாலும் வரவு, செலவு, கையிருப்பு என்ற மூன்று எண்களோடு முடிந்துவிடும். சங்கம் நடத்த அது போதும். கட்டடம் கட்ட அது போதாது.

மேற்சொன்ன பள்ளியையே எடுத்துக்கொள்வோம். குத்தகை விலையில் வரியும் அடங்கியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வேலை 40 விழுக்காடு முடிந்திருக்கிறது. இதுவரை திரட்டியது 18 லட்சம், கொடுத்தது 11 லட்சம், கையில் 7 லட்சம். "பணம் இருக்கிறது, கவலை வேண்டாம்" என்கிறார் பொருளாளர். அவர் சொல்வது பொய்யில்லை.

ஆனால் வேலையிடத்தில் நடந்தவை வேறு. மண் இளகலாக இருந்ததால் பைலிங் கூடுதல் ஆழம் போனது: 60 ஆயிரம். மண்டபத்து மேடையைச் சற்று அகலமாக்கச் சொன்னார் ஒரு பொறுப்பாளர்: 75 ஆயிரம். தரை ஓடு 'இன்னும் கொஞ்சம் நல்லதாக' இருக்கட்டும் என்றார் இன்னொருவர்: 30 ஆயிரம். மின்சாரக் கேபிள் எதிர்பார்த்ததைவிடத் தூரத்திலிருந்து இழுக்க வேண்டியிருந்தது: 45 ஆயிரம். மொத்தம் 2 லட்சத்து 10 ஆயிரம். அவசர நிதியோ 1 லட்சத்து 70 ஆயிரம். இந்தக் கட்டடம் ஏற்கெனவே 40 ஆயிரம் ரிங்கிட் பற்றாக்குறையில் இருக்கிறது. கூரை இன்னும் போடவில்லை.

வங்கிப் புத்தகம் கடந்த காலத்தைத்தான் காட்டும். கட்டடக் கணக்கு எதிர்காலத்தைக் காட்ட வேண்டும். அதற்கு மூன்று பத்திகள் போதும். முதல் பத்தி, ஒவ்வொரு பகுதிக்கும் நாம் ஒதுக்கியது. இரண்டாவது, ஒப்பந்தம் மூலமோ உத்தரவு மூலமோ கொடுப்பதாக ஒப்புக்கொண்டது. மூன்றாவது, வேலை முடியும்போது மொத்தம் எவ்வளவு ஆகும் என்ற இன்றைய கணிப்பு. மாதம் ஒருமுறை இந்த ஒரு பக்கத் தாள் செயலவை மேசைக்கு வந்தால், பற்றாக்குறை ஓராண்டுக்கு முன்பே கண்ணில் படும். அப்போது சரிசெய்ய வழி இருக்கும்.

வாய்மொழி உத்தரவின் விலை

மேலே சொன்ன நான்கு கூடுதல்களில் பைலிங்கும் கேபிளும் தவிர்க்க முடியாதவை. மேடையும் தரை ஓடும் நாமே வரவழைத்துக்கொண்டவை. அந்த இரண்டும் சேர்ந்தே 1 லட்சத்து 5 ஆயிரம்.

ஞாயிற்றுக்கிழமை வேலையிடத்துக்குப் போகும் பொறுப்பாளர்கள் நல்லெண்ணத்தோடுதான் போகிறார்கள். "இந்தக் கதவை இந்தப் பக்கம் வைத்தால் வசதியாக இருக்குமே" என்கிறார்கள். குத்தகையாளரின் ஆள் தலையாட்டுகிறார். அன்றைக்கு யாரும் விலை கேட்பதில்லை. வேலை முடிந்தபின் கோரிக்கைத் தாள் வருகிறது. விலை பேசும் வலு அப்போது நம்மிடம் இல்லை, ஏனென்றால் கதவு ஏற்கெனவே அந்தப் பக்கம் மாறிவிட்டது.

வழக்கமான கட்டட ஒப்பந்தங்களில் மாற்றத்துக்கான உத்தரவைக் கட்டடக் கலைஞர்தான் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். நம் தரப்பில் அதற்குத் தேவை ஒரே வாய். குழுவில் யாருக்கு என்ன யோசனை தோன்றினாலும் அதை உரிமையாளர் பிரதிநிதியிடம் சொல்ல வேண்டும். அவர் கியூ.எஸ். மூலம் விலையும், எத்தனை நாள் தாமதமாகும் என்பதையும் கேட்டு வாங்கி, குழுவின் ஒப்புதல் பெற்று, பிறகே கட்டடக் கலைஞரிடம் போக வேண்டும். 75 ஆயிரம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த மேடையை எத்தனை பேர் ஆதரித்திருப்பார்கள்?

வெட்டினால் மிச்சமா?

பணம் போதாது என்று தெரிந்ததும் எழும் முதல் யோசனை, 'எதையாவது குறைத்துவிடலாம்' என்பது. இது சிறிய கட்டடங்களுக்கு மட்டுமுள்ள சிக்கல் இல்லை. பண்டார் உத்தாமாவிலிருந்து ஷா ஆலாம், கிள்ளான் வழியாக ஜோஹான் செத்தியா வரை செல்லும் எல்.ஆர்.டி.3 திட்டம் அதற்கு நாடறிந்த எடுத்துக்காட்டு.

2018 ஜூலையில் அன்றைய நிதியமைச்சர் லிம் குவான் எங், அத்திட்டத்தின் செலவு 3,165 கோடி ரிங்கிட்டிலிருந்து 1,663 கோடி ரிங்கிட்டாகக் குறைக்கப்படுவதாக அறிவித்தார். திட்ட ஒப்படைப்புப் பங்காளி என்ற ஏற்பாடு கைவிடப்பட்டு, நிலையான விலை ஒப்பந்த முறை கொண்டுவரப்பட்டது. ரயில்களின் எண்ணிக்கையும் நீளமும் குறைந்தன. ஐந்து நிலையங்கள் ஒத்திவைக்கப்பட்டன. முடியும் ஆண்டு 2020லிருந்து 2024க்குத் தள்ளிப்போனது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபரில் தாக்கல் செய்யப்பட்ட 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அந்த ஐந்து நிலையங்களையும் மீண்டும் கட்டுவதாக அறிவிக்கப்பட்டது. அதற்கான கூடுதல் செலவு 470 கோடி ரிங்கிட்.

2018இல் எடுத்த முடிவு சரியா தவறா என்பதில் அரசியல் ரீதியாகப் பல கருத்துகள் இருக்கலாம். நாட்டின் கடன் சுமையைப் பார்த்து அன்றைய அரசாங்கம் எடுத்த முடிவு அது. செலவு பாதியாகக் குறைந்ததை யாரும் சிறிதாக எண்ண முடியாது. ஆனால் உரிமையாளர் என்ற முறையில் நமக்கு இதில் இரண்டு பாடங்கள் உண்டு.

ஒன்று, தேவையை நீக்கிக் கிடைக்கும் மிச்சம் பல நேரங்களில் கடன்தான். தேவை அங்கேயே இருக்கும், பிறகொரு நாள் அன்றைய விலையில் அது திரும்பி வரும். ஒரு பள்ளி, மூன்றாம் மாடியைப் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் அந்தப் 'பிறகு'க்கும் ஒரு விலை உண்டு. எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற விவாதம் வரைபட மேசையில் நடந்தால் செலவு ஒரு தாள்; வேலையிடத்தில் நடந்தால் உடைப்பதற்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டு, நிலையான விலை என்பது எழுதிய வேலைக்கு மட்டுமே நிலையானது. எழுதாத எதற்கும் தனி விலை உண்டு. 'ஒரே விலை பேசிவிட்டோம், இனி கவலையில்லை' என்று நினைக்கும் செயலவை, தன் தேவைகளை முழுமையாக எழுதியிருக்கிறோமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிகக் குறைந்த விலை, மிகச் சீக்கிரமான பணம்

குத்தகை விலைகள் வந்ததும் ஆகக் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பது எளிது. பொதுக்கூட்டத்தில் விளக்குவதும் எளிது. ஆனால் நான்கு பேர் 25 லட்சத்தை ஒட்டி விலை சொல்ல, ஒருவர் மட்டும் 19 லட்சம் என்கிறார் என்றால், அவர் எதையோ விட்டிருக்கிறார் அல்லது எதையோ எதிர்பார்க்கிறார்.

மொத்த விலைக்குள்ளும் ஒரு நுணுக்கம் உண்டு. தொடக்க வேலைகளான மண்வெட்டு, அடித்தளம் ஆகியவற்றுக்கு அதிக விலையும், இறுதி வேலைகளுக்குக் குறைந்த விலையும் போட்டால், குத்தகையாளர் தான் செய்த வேலையைவிடக் கூடுதல் பணத்தை முன்கூட்டியே பெற்றுவிடலாம். பாதியில் அவர் விலகினால், மீதிப் பணத்தில் மீதி வேலையை முடிக்க யாரும் வரமாட்டார்கள். புதிய குத்தகையாளர் பழையவரின் வேலைக்கும் பொறுப்பேற்க வேண்டியிருப்பதால் கூடுதலாகத்தான் கேட்பார். துருப்பிடித்த கம்பிகளோடு நிற்கும் கட்டடங்கள் இப்படியும் உருவாகின்றன.

இதற்குத் தடுப்புகள் இருக்கின்றன. குத்தகையாளர் சி.ஐ.டி.பி.யில் பதிவு பெற்றவரா, ஜி1 முதல் ஜி7 வரையுள்ள தரங்களில் அவருடைய தரம் இந்த வேலையின் மதிப்புக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். செயல்திறன் பிணை வாங்க வேண்டும். ஒவ்வொரு தவணையிலும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, ஒப்பந்த விலையில் 5 விழுக்காடு வரை சேர்ப்பது இங்குள்ள வழக்கம். 25 லட்சத்துக்கு அது 1 லட்சத்து 25 ஆயிரம். வேலை முடிந்ததும் பாதி, குறைகளைச் சரிசெய்த பிறகு மீதி என்று விடுவிப்பார்கள். 'பாவம், கேட்கிறார்' என்று அந்தத் தொகையை முன்கூட்டியே கொடுத்துவிட்டால், மழையில் கூரை ஒழுகும்போது அழைக்க ஆள் இருக்காது.

வாக்குறுதி வேறு, ரொக்கம் வேறு

குழு தவறே செய்யாமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மாதிரிக் காசோலையில் எழுதிய தொகை அன்றே வங்கிக்கு வருவதில்லை. மானியம் கட்டம் கட்டமாக வரலாம். விருந்தில் கையுயர்த்தியவர்களின் நன்கொடை அடுத்த ஆண்டு வரலாம். ஆனால் கட்டடக் கலைஞர் சான்றளித்த தவணையைக் குறித்த நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும்.

2012ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழில்துறைக் கட்டணம் மற்றும் தீர்ப்பளிப்புச் சட்டம், 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ளது. சிபா என்று துறையில் அழைக்கிறார்கள். பணம் கிடைக்காத குத்தகையாளர் எழுத்து மூலம் கோரிக்கை வைக்கலாம். அதற்கு 10 வேலை நாட்களுக்குள் நாம் பதில் தர வேண்டும். தகராறு தீர்ப்பாளரிடம் போனால், வாதங்கள் முடிந்தபின் 45 வேலை நாட்களில் தீர்ப்பு வந்துவிடும். தனிநபர் ஒருவர் தான் குடியிருக்கக் கட்டும் நான்கு மாடிக்குக் குறைந்த கட்டடத்துக்கு இச்சட்டத்தில் விலக்கு உண்டு. பள்ளியும் ஆலயமும் அந்த விலக்குக்குள் வரமாட்டா. 'நாங்கள் சமூக அமைப்பு, மானியம் வந்ததும் தருகிறோம்' என்பது அங்கே எடுபடாது.

ஆகவே, எந்த மாதம் எவ்வளவு வெளியே போகும், எந்த மாதம் எவ்வளவு உறுதியாக உள்ளே வரும் என்ற அட்டவணை அடிக்கல்லுக்கு முன்பே தயாராக வேண்டும். வாக்குறுதியை ஒரு வரியிலும் ரொக்கத்தை வேறொரு வரியிலும் எழுத வேண்டும். இரண்டையும் கூட்டிப் போட்டால் கணக்கு அழகாகத்தான் இருக்கும். கட்டடம் பாதியில் நிற்கும்.

யாரை நியமிப்பது?

தலைவரே இந்தப் பொறுப்பையும் சுமக்கக்கூடாது. நிதி திரட்டுபவர், முடிவெடுப்பவர், கணக்கைச் சோதிப்பவர் ஆகிய மூவரும் ஒருவராக இருந்தால் அவரைக் காப்பாற்றவும் யாரும் இருக்கமாட்டார்கள். குத்தகையாளருக்கோ ஆலோசகர்களுக்கோ உறவினராக இருப்பவரும் வேண்டாம்.

கியூ.எஸ்., பொறியியலாளர், கட்டுமான மேலாளர் என்று துறையில் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்ற தமிழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பலர் ஆலயத்தில் அன்னதான வரிசையில் நம் பக்கத்தில் நிற்பவர்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறோமா என்பதே கேள்வி.

நியமனம் கடிதம் மூலம் இருக்க வேண்டும். உதாரணமாக, 5 ஆயிரம் ரிங்கிட் வரை அவரே முடிவெடுக்கலாம், 20 ஆயிரம் வரை மூவர் குழு, அதற்கு மேல் செயலவை என்று அதிகார வரம்பை எழுதிவிட வேண்டும். ஒரு தொகையும் கொடுக்க வேண்டும். இலவசச் சேவையை மதிக்கிறோம், ஆனால் இலவசமாகச் செய்பவரிடம் அறிக்கை ஏன் தாமதம் என்று கேட்க நமக்கே கூச்சமாக இருக்கும். 30 லட்சத்தில் 1 விழுக்காடு 30 ஆயிரம். மேலே சொன்ன மேடை ஒன்றே 75 ஆயிரம்.

இதனால் பொறுப்பாளர்களின் அதிகாரம் குறையும் என்று சிலர் தயங்குகிறார்கள். உண்மையில் அவர்களின் பெயரைக் காப்பதும் இதுதான். மாதந்தோறும் அந்த ஒரு பக்கத் தாளைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், 'காசு எங்கே போனது' என்ற கேள்விக்கு இடமே இல்லை.

அடுத்த பொதுக்கூட்டத்தில் கேளுங்கள்

உங்கள் பள்ளியோ ஆலயமோ கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தால், வாசகர்கள் மூன்று கேள்விகளைப் பணிவாகக் கேட்கலாம். இந்தக் கட்டடம் முடியும்போது மொத்தம் எவ்வளவு ஆகும் என்று இன்றைய கணிப்பு சொல்கிறது? அவசர நிதியில் எவ்வளவு மீதமிருக்கிறது? இதுவரை எத்தனை மாற்றங்கள் எழுத்தில் ஒப்புதல் பெற்றன, எத்தனை வாயால் மட்டும் சொல்லப்பட்டன?

பதில் உடனே வந்தால், அந்தக் குழுவை மனதாரப் பாராட்டி இன்னும் கொஞ்சம் நன்கொடை கொடுங்கள். பதில் வரவில்லை என்றால் சண்டை வேண்டாம். கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவரை அந்தக் காலி நாற்காலியில் அமர்த்தச் சொல்லுங்கள். பத்து ரிங்கிட் கொடுத்த தோட்டத்துப் பாட்டிக்கும் பத்தாயிரம் கொடுத்த தொழிலதிபருக்கும் அந்தக் கட்டடத்தில் பங்கு உண்டு. அவர்கள் பணம் சுவராகவும் கூரையாகவும் மாறுவதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும்.